பெஞ்சு அங்கே இல்லை: சினிமா எடுத்த இடங்களில் எதற்குப் போகலாம்?

அமெரிக்காவின் சவானா நகரில் சிப்பவா சதுக்கம் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ‘ஃபாரஸ்ட் கம்ப்’ (1994) படத்தில் டாம் ஹாங்க்ஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாரே, அது இங்கே எடுத்ததுதான். போகிறவர்கள் முதலில் தேடுவது அந்த பெஞ்சை. அது அங்கே கிடையாது. படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து போட்டதை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போது அதே ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் இன்னொரு வேடிக்கை. ஹாரி பாட்டரின் ஒன்பதே முக்காலாம் நடைமேடை என்று சுவரில் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்க நீண்ட வரிசை நிற்கும். படத்தை எடுத்ததென்னவோ 4, 5 நடைமேடைகளில். நிலையத்தின் முகப்பு என்று படத்தில் காட்டியது பக்கத்து செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தை.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் மனசில் இருப்பது இடம் இல்லை, காட்சி. ஒரு முகம், ஒரு இசை, ஒரு குறிப்பிட்ட நேரத்து வெயில் எல்லாம் கலந்தது அது. டிக்கெட் எடுத்துப் போய் இறங்கினால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால் “எந்தப் படம் பிடிக்கும்?” என்று தொடங்கினால் தேர்வு பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது. அந்தப் படத்தில் எது உங்களுக்குள் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். நடிகரின் முகம்தான் என்றால் பணத்தை மிச்சம் பிடித்து இன்னொரு தடவை படத்தைப் பாருங்கள், அது போதும். கட்டி எழுப்பிய உலகமா, நிலமா, ஆட்கள் நடந்து திரிந்த தெருவா? இந்த மூன்றில் ஒன்று என்றால் மேலே படியுங்கள்.

கட்டிய உலகம்

செட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரிய பெயர்கள் இரண்டு. நியூசிலாந்தின் ஹாபிட்டன், லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ.

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக 1998-இல் பீட்டர் ஜாக்சனின் குழு வானத்திலிருந்து இடம் தேடியபோது கண்ணில் பட்டது மாட்டாமாட்டா ஊருக்குப் பக்கத்தில் இருந்த 1,250 ஏக்கர் ஆட்டுப் பண்ணை. ஏரி, கரையில் பெரிய மரம், மேடும் சரிவுமாகப் புல்வெளி. மறு வருடம் செட் வேலை ஆரம்பித்தது. பாதை போட நியூசிலாந்து ராணுவமே வந்தது. ஒட்டுப்பலகையும் தெர்மக்கோலுமாகக் கட்டிய செட் அது, எடுத்து முடித்தால் இடித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. இடித்ததுபோக மிஞ்சி நின்ற வெறும் முகப்புகளைப் பார்க்கவே 2002-இலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு ‘த ஹாபிட்’ படங்கள் வந்தபோது, 2009-இல் தொடங்கி எல்லாவற்றையும் காலத்துக்கும் நிற்கிற மாதிரி திரும்பக் கட்டினார்கள். இன்று 44 ஹாபிட் வளைகள், அதாவது கதையில் வரும் குள்ள மனிதர்களின் வீடுகள், இருக்கின்றன. தோட்டத்துப் பூக்களும் காய்கறிகளும் நிஜம். ஹாபிட்களில் ஒருவரான பில்போவின் வீட்டுக்கு மேலே நிற்கிற ஓக் மரம் மட்டும் பொய், ஒவ்வோர் இலையும் செயற்கை.

இங்கே ஏமாற்றம் வருகிற இடங்கள் இரண்டு. வட்டக் கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் வீடே கிடையாது, ஏனென்றால் உள்காட்சிகளை எடுத்தது வெலிங்டன் ஸ்டூடியோவில். அந்தக் குறை தீரத்தான் 2023 டிசம்பரில் இரண்டு வளைகளுக்கு உள்ளே வீட்டையே அமைத்துத் திறந்தார்கள். இன்னொன்று, கைடு இல்லாமல் உள்ளே போக முடியாது. சுமார் இரண்டரை மணி நேரம், குழுவோடு போய்க் குழுவோடு திரும்ப வேண்டும். ஏரிக்கரையில் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்ற கனவோடு போகாதீர்கள். இந்த இரண்டரை மணி நேரத்துக்காக மட்டும் நியூசிலாந்து போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அதே தீவில்தான் டோங்கரிரோ தேசியப் பூங்கா இருக்கிறது. படத்தில் டூம் மலையாக வந்த நௌருஹோ எரிமலை அங்கே. அதன் அடிவாரம் வழியாகப் போகும் சுமார் 20 கிலோமீட்டர் நடைபாதை ஒரு நாள் வேலை. ஹாபிட்டனையும் அந்த நடையையும் சேர்த்துப் போட்டால் பயணம் நிறைவாகும்.

லீவ்ஸ்டன் இதற்கு நேர் எதிர். இங்கே பெரும்பாலானவை கூரைக்கு உள்ளே. 2012-இல் திறந்தார்கள். ஹாரி பாட்டர் படங்களின் பெரிய உணவுக்கூடத்தின் கல் தரையில் நீங்கள் நடக்கலாம். ஹாக்வார்ட்ஸ் கோட்டை என்று நாம் பிரமித்துப் பார்த்ததற்குப் பின்னால் 24-இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி ஒன்று இருந்தது என்பதையும் அங்கே பார்த்துவிடுவீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஹாபிட்டன் பொய்யைக் கட்டிக்காக்கிறது, லீவ்ஸ்டன் பொய்யை அவிழ்த்துக் காட்டுகிறது. கதையை இன்னும் நம்புகிற வயதுக் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் முதலாவது. செல்போனில் வீடியோ எடுத்து எடிட் செய்துகொண்டிருக்கும் பிள்ளை என்றால் யோசிக்காமல் இரண்டாவது. முன்பதிவு இல்லாமல் லீவ்ஸ்டன் வாசலில் போய் நிற்காதீர்கள்.

பராமரிக்கப்பட்ட செட் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. என் மனசு போவது கைவிடப்பட்டவற்றின் பக்கம்.

துனிசியாவில் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் மிச்சங்கள் இருக்கின்றன. மாட்மாட்டாவில் மண்ணைக் குடைந்து அமைத்த வீடுகளில் ஒன்றான சிதி திரிஸ் விடுதிதான் முதல் படத்தில் கதாநாயகன் லூக் வளரும் வீட்டின் உட்புறம். அங்கிருந்து வெகுதூரத்தில், நெஃப்தாவுக்கு அருகே பாலைவனத்தில், 1999-இல் வந்த படத்துக்காகக் கட்டிய மாஸ் எஸ்பா ஊர் அப்படியே விடப்பட்டிருக்கிறது. மணல்மேடு ஒன்று வருடத்துக்குச் சுமார் 15 மீட்டர் வீதம் அதை நோக்கி நகர்ந்து வந்ததை விஞ்ஞானிகள் அளந்து எழுதினார்கள். பிறகு மணலை அள்ளி அகற்றும் வேலையும் நடந்தது. அழகான சோகம்தான். ஆனால் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன, வாகனத்திலேயே நாள் கழியும், விடுதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

அதைவிட ஸ்பெயினின் சாட் ஹில். செர்ஜியோ லியோனியின் ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’ (1966) படத்தின் கடைசியில் மூன்று பேர் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் பார்த்து நிற்பார்களே, அந்த வட்டக் கல்லறைத் தோட்டம். சாந்தோ தொமிங்கோ தே சீலோஸ் என்ற ஊருக்கு அருகே, ஸ்பெயின் ராணுவ வீரர்களை வைத்துச் சுமார் 5,000 பொய்க் கல்லறைகளைக் கட்டினார்கள். எடுத்து முடித்தார்கள், போய்விட்டார்கள். அரை நூற்றாண்டு மண்ணும் புல்லும் மூடிக் கிடந்தது. 2015-இல் அந்த வட்டாரத்து ரசிகர்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். பிற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். புல்லைச் சீவி, நடுவே இருந்த கல் வட்டத்தை வெளியே எடுத்து, சிலுவைகளைத் திரும்ப நட்டார்கள். நன்கொடை கொடுத்தால் ஒரு சிலுவையில் உங்கள் பெயரையே எழுதி வைப்பார்கள், செத்துப்போகாமலேயே கல்லறை. டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது, கைடு கிடையாது. மண்பாதையில் போய்ச் சேர வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டி படத்துக்கு இசையமைத்த மோரிகோனேயின் இசையைப் போட்டுக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றி ஓடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். படம் பார்க்காதவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பதுதான் ஒரே குறை.

நிலம்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு இடம் என்றால் ஜோர்டானின் வாடி ரம்.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) இங்கே எடுத்தது. பிறகு வந்தவர்களுக்கு இது வேற்றுக் கிரகம். ‘த மார்ஷியன்’ (2015) படத்தில் செவ்வாய், ‘டூன்’ (2021) படத்தில் அராக்கிஸ். செம்மணலும் செங்குத்துப் பாறையும் கேமரா வருவதற்கு முன்பே இருந்தவை. நடிகர் இல்லாவிட்டாலும் பிரேமில் எதுவும் குறையாது, ஏனென்றால் அந்தப் படங்களிலேயே மனிதன் ஒரு புள்ளியாகத்தான் தெரிவான். அந்தப் படத்தின் நாயகனான நிஜ லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முதல் உலகப்போர்க் காலத்தில் இந்த வழியாகத்தான் போயிருக்கிறார். பாலைவனத்து நாடோடிகளான பெதுவின் மக்கள் ஜீப்பில் அழைத்துப் போகிறார்கள்; இரவு கூடாரத்தில் தங்கலாம். ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். நண்பகலில் வந்து நண்பகலிலேயே திரும்புகிறவர்கள், படத்தில் பார்த்த சிவப்பைப் பார்க்காமலே போகிறார்கள். அந்த நிறம் பொழுது சாயும்போதுதான் வரும்.

பக்கத்திலேயே பெட்ரா இருப்பது கூடுதல் லாபம். ‘இண்டியானா ஜோன்ஸ்’ மூன்றாம் படத்தில் (1989) கதாநாயகன் குதிரையில் போய் நிற்கும் கல் முகப்பு, பெட்ராவின் ‘கருவூலம்’. படத்தில் உள்ளே பொறிகளும் புனிதக் கிண்ணமும் காத்திருக்கும். நிஜத்தில் உள்ளே வெறும் கல் அறைதான், அதற்குள்ளும் விட மாட்டார்கள். இருந்தாலும் அந்தக் குறுகலான பாறைச் சந்து முடிந்து முகப்பு திடீரென்று தெரிகிற நொடியை எந்தப் படமும் மிகைப்படுத்தவில்லை.

வாடி ரம்முக்கு எதிராக நிறுத்தத் தகுதியான ஒன்று அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல். கடலில் 12 கிலோமீட்டர் உள்ளே கூம்பாக எழும் பாறை. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே துறவிகள் தேன்கூடு போன்ற கல் குடில்களைக் கட்டி வாழ்ந்த இடம். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 2015, 2017 படங்களில் வயதான லூக் ஒளிந்திருப்பது இங்கே. 2017 படத்தில் வந்த உருண்டைக் கண் பறவைகளுக்குக் காரணமும் இந்தத் தீவுதான்: பஃபின் பறவைகளைப் பிரேமிலிருந்து விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது, அதனால் அவற்றின் மேல் கிராபிக்ஸில் ஒரு புதுப் பிராணியை வரைந்துவிட்டார்கள். இறங்கிப் பார்க்க அனுமதி ஒரு நாளைக்கு 180 பேருக்கு. மே நடுவிலிருந்து செப்டம்பர் முடியும் வரைதான். கைப்பிடி இல்லாத 600-க்கும் மேற்பட்ட கற்படிகள். கழிப்பறை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் கொந்தளித்தால் படகு போகாது. மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்து, அயர்லாந்து வரை போய், கரையிலிருந்தே பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர நேரலாம். இரண்டு மூன்று நாள் கையில் உதிரியாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

தாய்லாந்தின் மாயா பே பற்றிச் சுருக்கமாக. ‘த பீச்’ (2000) படம் வந்த பிறகு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து இறங்கி, பவளப்பாறைகள் நாசமாகி, 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. படகு விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும், நீந்தத் தடை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஓய்வு. இதெல்லாம் சரியான விதிகள், சுறாக்கள் திரும்பி வந்திருக்கின்றன. ஆனால் யாருக்கும் தெரியாத கடற்கரையில் சுதந்திரமாகத் திரிவது என்பதுதானே அந்தப் படத்தின் ஆசை? அந்த ஆசையோடு போகிறவருக்கு அங்கே கிடைப்பது அதற்கு நேர்மாறு. இன்னொன்று: படத்தில் நாலா பக்கமும் மலை சூழ்ந்திருக்குமே, அதிலும் ஒரு பக்கத்து மலை கம்ப்யூட்டர் வேலை.

அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி, ஜான் ஃபோர்டு 1939-லிருந்து கௌபாய்ப் படங்கள் எடுத்த இடம், காரிலேயே சுற்றி வந்துவிடலாம் என்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது. லடாக்கின் பாங்காங் ஏரி (‘3 இடியட்ஸ்’, 2009) 4,000 மீட்டருக்கு மேலே, லேயில் இரண்டு நாள் உடம்பைப் பழக்காமல் ஏறக் கூடாது. ஹாரி பாட்டர் படங்களில் ரயில் போகும் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினன் பாலத்தில் மட்டும் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. 21 வளைவுகள் கொண்ட அந்த ரயில் பாலத்தை ரயிலில் போய்ப் பார்ப்பதா, மலைச்சரிவில் நின்று பார்ப்பதா? நீராவி ரயிலுக்குள் உட்கார்ந்துவிட்டால், பாலத்தின் மேல் புகைவிட்டபடி ரயில் போகிற அந்தக் காட்சி உங்களுக்கு இல்லை. நீங்களே அதற்குள் இருக்கிறீர்கள். காட்சிதான் வேண்டும் என்றால் நேரம் பார்த்துச் சரிவில் நில்லுங்கள். பாலத்தைக் கடந்தால் போதும் என்றால் அதே தடத்தில் சாதாரணப் பயணிகள் ரயிலும் ஓடுகிறது, நீராவி ரயிலுக்குக் கொடுக்கிற காசு தேவையில்லை.

தெரு

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது, படத்தில் அவர்கள் செய்ததை அங்கே நாம் செய்ய முடியுமா என்பதை. ஃபிலடெல்ஃபியாவில் முடியும். ‘ராக்கி’ (1976) ஓடி ஏறிய கலை அருங்காட்சியகத்தின் 72 படிகளில் நீங்களும் ஓடி ஏறி, மேலே நின்று கையைத் தூக்கலாம். ரோமில் முடியாது. ‘ரோமன் ஹாலிடே’ (1953) படத்தில் இளவரசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் ஐஸ்கிரீம் சாப்பிடும் ஸ்பானியப் படிகளில் 2019-இலிருந்து உட்காரவே தடை, மீறினால் அபராதம். இளவரசிக்கே இன்று விசில் ஊதியிருப்பார்கள். அதே படத்தில் வரும் ‘உண்மையின் வாய்’ என்ற கல் முகத்துக்குள் கையை விடலாம், வரிசையில் நின்று.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இந்த இரண்டு நிலைமைக்கும் நடுவில். ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) ரசிகர்கள் மிராபெல் தோட்டத்துப் படிகளில் தாராளமாகப் பாடலாம். மூத்த மகள் ஆடும் கண்ணாடி மண்டபம் ஹெல்ப்ரூனில் இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நடனத்தின் உள்காட்சியை எடுத்ததே ஹாலிவுட்டில்தான். வீடும் ஒன்றல்ல: முன்பக்கம் ஒரு மாளிகை, ஏரிப்பக்கம் இன்னோர் இடம். கல்யாணம் நடந்த தேவாலயம் மோண்ட்சேயில், ஊருக்கு வெளியே. அதனால் இங்கே நடந்து சுற்றுவதைவிட, பாட்டுப் போட்டுக்கொண்டு கூட்டிப் போகும் டூர் பேருந்தில் ஏறிவிடுவது மேல். வெட்கப்படுகிறவர்கள் கடைசி சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் வியன்னாவைத்தான் நான் முதலில் வைப்பேன். ‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995) படத்தில் ரயிலில் சந்தித்த இருவர் ஓர் இரவு முழுக்க இந்த ஊரில் நடப்பதும் பேசுவதும்தான் கதை. அதையே நீங்களும் செய்யலாம், அனுமதி வேண்டாம், டிக்கெட் வேண்டாம். அவர்கள் இசைத்தட்டு கேட்ட கடையும், ஃபோனில் பேசுவதுபோல நடித்த காபிக் கடையும், முத்தமிட்ட ராட்டினமும் நிஜமான இடங்கள். பிராட்டர் பூங்காவில் சுற்றும் அந்த ராட்டினம் 1897-இல் கட்டியது. ‘த தேர்ட் மேன்’ (1949) படத்தில் ஆர்சன் வெல்ஸ் ஏறியதும் அதிலேதான். பெயர் தெரியாதவர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் ஊரின் ஓரத்தில், நடந்து போகும் தூரம் இல்லை, பஸ் பிடிக்க வேண்டும். படத்தின் முடிவில் அவர்கள் பிரிந்த பிறகு, நடந்த இடங்கள் ஒவ்வொன்றும் காலை வெளிச்சத்தில் ஆளில்லாமல் வந்து போகும். லொகேஷன் பார்க்கப் போகிறவர் கடைசியில் காண்பது எதுவோ, அதை அந்தப் படமே காட்டி வைத்துவிட்டது. அதனால்தான் அங்கே ஏமாற்றம் இல்லை.

அடுத்தவர் குடியிருக்கும் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘த கூனீஸ்’ (1985) படத்தின் வீடு ஓரிகான் மாநிலத்தின் ஆஸ்டோரியாவில் இருக்கிறது. பார்க்க வந்த கூட்டம் தாங்காமல் 2015-இல் அப்போதைய உரிமையாளர் வீட்டைத் தார்ப்பாய் போட்டு மூடினார். ‘ஜோக்கர்’ (2019) ஆடிய நியூயார்க்கின் பிராங்க்ஸ் படிக்கட்டு, அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்குப் போய்வரும் வழி. இப்படிப்பட்ட இடங்களை நான் தேர்வில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம், கூட வருகிறவர். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பாதிப் பயணங்கள் கெடுவது இதனால்தான். அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை என்றால் சாட் ஹில்லும் லீவ்ஸ்டனும் வேண்டாம். வாடி ரம் தாங்கும், ஸ்கெல்லிக் தாங்கும். பார்க்கவில்லை, ஆனால் சொன்னால் கேட்பார் என்றால் வியன்னா. அங்கே பூர்க் கினோ என்ற தியேட்டரில் ‘த தேர்ட் மேன்’ படத்தை இன்னமும் வாரந்தோறும் ஓட்டுகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் அவரைக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். மறுநாள் ராட்டினத்துக்கு டிக்கெட் எடுக்க அவரே வரிசையில் நிற்பார்.